ஓஸ்வால்டும் முட்டை போடாத கோழிகளும்

விவேக் நகரில் ஓஸ்வால்டைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மனிதரால் சும்மா உட்கார முடியாது. தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து, போன ஜூனில் ஓய்வு பெற்றார். வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒழுகும் குழாய், ஆடும் மின்விசிறி, கிறீச்சிடும் கேட் எல்லாம் சரியாகிவிட்டன. பிறகு கை வைக்க ஒன்றும் மிச்சமில்லை. அப்போதுதான் பின்கட்டில் மேய்ந்த கோழிகள் கண்ணில் பட்டன.

அவை மனைவி பிரிஜெட்டின் நாட்டுக்கோழிகள். மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய மரப்பெட்டி, அதில் கொஞ்சம் சாக்குத்துணி. பல வருடங்களாக அந்த இருட்டில்தான் முட்டை போட்டுவந்தன. ஓஸ்வால்டுக்கு அது பிடிக்கவில்லை. கம்பி வலையில் புதுக் கூண்டு செய்தார். வெயில் பக்கம் தள்ளிக்கொண்டு போகச் சக்கரம் வைத்தார். உள்ளே பல்பு மாட்டினார். தீவனத்தை மாற்றினார், அது சரியில்லை என்று மறுபடியும் மாற்றினார். நினைத்தபோதெல்லாம் போய் ஒவ்வொரு கோழியையும் தூக்கி அடியில் பார்த்தார்.

முட்டை குறைந்தது. பிறகு நின்றே போனது.

கோழிகளின் போக்கும் மாறியது. ஒன்று சுவரோரமாகவே போவதும் வருவதுமாக இருந்தது. கறுப்புக்கோழி தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டது. இன்னொன்று பொழுது சாய்ந்தால் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. ஓஸ்வால்ட் கீழே நின்று குச்சியால் கிளையைத் தட்டுவார். அது இன்னும் மேலே ஏறும்.

கறுப்புக்கோழியைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். டாக்டர் சங்கமித்ரா வயிற்றை அழுத்திப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார்.

"நோய் ஒண்ணும் இல்ல சார். வீட்ல ஏதாச்சும் மாத்தினீங்களா?"

"கூண்டு மாத்தினேன். லைட் போட்டேன். ஃபீட் மாத்தினேன். இடமும் அப்பப்ப மாத்துறேன், வெயிலுக்காக..." சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது.

"பயந்துபோய் இருக்குதுங்க. கொஞ்ச நாள் அதுங்க போக்குல விடுங்க, போடும்."

அதுதான் அவரால் முடியாத காரியம். பழைய பெட்டியை மறுபடி வைத்தார். ஆனால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காபி டம்ளரோடு பின்கதவில் நிற்பார். கோழிகள் அவர் செருப்புச் சத்தத்துக்கே சிதறி ஓடின.

அந்தச் சமயத்தில் நகரத்துக்கு வெளியே அத்திபெலேயில் மகன் ஜாய்சன் கட்டும் வீட்டில் கிரில் வேலை தொடங்கியது. கூட இருந்து பார்க்க ஆள் வேண்டும் என்றான். பிரிஜெட் தயங்கவே இல்லை. "போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்" என்று பையை எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு மாதம்போல அங்கேயே இருந்தார். தினமும் போனில் ஒரே கேள்வி. "முட்டை போட்டுச்சா?"

"இன்னும் இல்லீங்க" என்பாள் பிரிஜெட்.

திரும்பி வந்த அன்று தெருமுனையில் எதிர்வீட்டு லவினா நிறுத்தினாள். "அங்கிள், ஆன்ட்டிக்கு தாங்க்ஸ் சொல்லுங்க. டெய்லி முட்டை அனுப்பிட்டே இருக்காங்க. நேத்துகூட கேக் பண்ணேன்."

அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். வீட்டுக்குள் வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை.

"எப்பலேர்ந்து போடுது?"

பிரிஜெட் அடுப்பை அணைத்தாள். "நீங்க போன அடுத்த வாரத்துலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்க இல்லாதப்ப வீட்ல எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லணுமா?"

ஓஸ்வால்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். காது சிவந்திருந்தது. "நிஜம் அதானே" என்றார்.

"கோழிக்கு அப்படி இருக்கலாம்" என்றாள் அவள். "எனக்கு அப்படி இல்ல. ஒரு மாசமா தனியா சாப்பிட்டு சாப்பிட்டு சலிச்சுப்போச்சு."

அன்று இரண்டு முட்டையை ஆம்லெட் போட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டார்.

அத்திபெலேயில் கிரில் செய்த பட்டறைக்காரர் நாராயணசாமி, பழைய இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார். அடுத்த திங்கட்கிழமை முதல் ஓஸ்வால்ட் காலை பஸ்ஸில் போய் மாலையில் திரும்புகிறார். கையில் மறுபடியும் எண்ணெய்க்கறை. கோழிகள் பக்கம் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வீட்டுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றுவார். பிறகு கை தானாகப் பின்கதவுத் தாழ்ப்பாளுக்குப் போகும்.

"ஏங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். "லவினா வீட்டு மிக்ஸி ஏதோ சத்தம் போடுதாம். கொஞ்சம் பாத்துட்டு வரீங்களா?"

ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டு அவர் வாசல் பக்கம் போவார்.