பீரோ சாவி யாரிடம்

வாழ வந்த மறுநாள், குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போதுதான் அந்தப் பேரை இவள் முதலில் கேட்டாள். “நீதான் சாவிக்காரியோட தம்பி பொண்டாட்டியா? உப்பு எடுக்கணும்னாலும் கேட்டுட்டுத்தான் எடுக்கணும், பாத்துக்கோ” என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். அது யாரென்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. நாத்தனாருக்கு முன்னால் அவள் இடுப்புச் சாவிக்கொத்தின் சத்தம்தான் அறைக்குள் வரும்.

நாத்தனாருக்குத் துணி கம்பெனியில் பட்டன் ஓட்டை தைக்கிற காஜா மிஷின் வேலை. தாய் தகப்பன் போனபின் அந்த மிஷினில் உட்கார்ந்துதான் தம்பியை வளர்த்தாள். அவளுக்கு ஒரு கல்யாணம் என்று யாரும் பேச்செடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. தம்பியோ தின்று வளர்ந்த கடா. வேலைக்குப் போன நாளைவிட வேலையை விட்டு வந்த நாள்தான் அதிகம்.

நாத்தனார் குளிக்கப் போகும்போது மட்டும் சாவிக்கொத்து வெளியே ஆணியில் தொங்கும். ஒரு காலையில் அதை எடுத்துப் பீரோவைத் திறந்து, அடித்தட்டுப் போர்வைக்குக் கீழே துண்டில் சுற்றிய எதையோ புருஷன் செருகுவதை இவள் பார்த்தாள். சிநேகிதன் சாமான், வந்து வாங்கிக்கொள்வான் என்றான். இவளும் வாயை மூடிக்கொண்டாள்.

சிநேகிதன் வரவில்லை. ஓர் அடிதடியில் மாட்டி, போலீஸிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். போலீஸ் வந்தபோது தெருவே வாசலில் நின்றது. நாத்தனார் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: “இந்த வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு குண்டூசி நகராது சார். நல்லாத் தேடிக்கோங்க.”

துண்டை அவிழ்த்தால் துப்பாக்கி. லைசென்ஸ் கேட்டார்கள், யாரிடமும் இல்லை. பீரோ சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி தன் செருப்பைப் பார்த்தான். இவள் வாயைத் திறந்தால் போவது புருஷன்.

“என்கிட்டதான் சார். எப்பவும் என்கிட்டதான்” என்றாள் நாத்தனார்.

எதிர்வீட்டுக்காரிதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். தவளை தன் வாயால் கெட்டது என்று குழாயடியில் போய்ச் சொல்லவும் செய்தாள்.

பொருள் வீட்டில் இருந்தது மட்டும் குற்றமாகாது, இருப்பது தெரிந்திருக்க வேண்டும் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். குண்டூசிப் பேச்சை வாய்ச்சவடால் என்று வாதாடிப் பார்க்கலாம், கோர்ட்டில் தெரியாது என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

“எனக்குத் தெரியாதுன்னா, அப்ப யாருக்குத் தெரியும்னு கேப்பாங்கல்ல?” என்றாள் நாத்தனார். வக்கீல் கேஸ் கட்டை மூடிவிட்டார்.

தானாடாவிட்டாலும் தசையாடும் என்பார்கள். தம்பிக்கு ஒரு தசையும் ஆடவில்லை. அக்காவைப் பார்க்கப் போகச் சொன்னால், இப்போதுதான் அவனுக்கு வேலை ஞாபகம் வருகிறது. இவள்தான் போகிறாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து நாத்தனார் கேட்பது ஒன்றுதான்: “பீரோவப் பூட்டினியா?”

மூன்று வருஷத் தண்டனை. நாத்தனார் இப்போது பெண்கள் சிறையில் இருக்கிறாள். அங்கேயும் காஜா மிஷினில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள்.