காயாத மஞ்சள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. பன்னிரண்டு கதவுக்கும் தோட்ட நிர்வாகம் அடித்த ஒரே பச்சை, நடுவில் தாரால் எழுதிய நம்பர். எங்களுடையது ஏழு. அந்தக் கதவின் கீழ்ப்பாதி உளுத்துப்போய் நாய் நுழைந்துகொண்டிருந்தது. ஆபீசில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் என் வீட்டுக்காரரே பலகை வாங்கிப் புதுக்கதவு செய்து மாட்டினார்.

நிறம் என் பொறுப்பு. பொகவந்தலாவைக் கடையில் போய் நின்று, நல்ல பளிச்சென்ற மஞ்சளாகக் கேட்டு வாங்கினேன். உப்புத்தாளால் தேய்த்து இரண்டு தடவை பூசினேன். ஆனி மாத மழையில் பெயின்ட் அடித்த புத்திசாலி நான். நாலு நாளாகியும் காயவில்லை.

ஐந்தாம் நாள், மலையில் எங்களை வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா தார் டின்காரனோடு வந்து நின்றார்.

"யாரக் கேட்டு இந்தக் கலர் அடிச்சீங்க? பச்சைய அடிச்சு நம்பரப் போடு."

"பலகை எங்க காசுங்க, ஐயா."

"பிரஜாவுரிமையே இல்ல. ஒங்களுக்குக் கலர் வேற கேக்குதாக்கும்?"

எங்கள் விண்ணப்பம் அந்த வருஷம்தான் நிராகரிக்கப்பட்டுத் திரும்பியிருந்தது. வாயை மூடு என்று வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார். நான் மூடவில்லை.

"நாடுதான் இல்லன்னுட்டாங்க. கதவாச்சும் இருக்கட்டுமேங்க."

"திமிரப் பாரு!" என்று கதவை ஓங்கி அறைந்தார். கையை எடுத்தால் உள்ளங்கை முழுக்க மஞ்சள். போட்டிருந்த கோட்டில் துடைத்தார், கோட்டும் மஞ்சளானது. தார் டின்காரன் இருமுவதுபோல் சிரித்துவிட்டு, "காயாத பெயின்ட்ல தார் நிக்காதுங்க ஐயா" என்றான்.

"காஞ்சதும் போடு" என்று சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள் காலை பெரட்டில் எல்லோரையும் நிறுத்தி வேலை பிரிக்கும்போது அந்தக் கோட்டைப் பார்க்காத கண் இல்லை. மூன்று மாதம் என்னைச் செங்குத்தான மலைக்கே அனுப்பினார். போனேன், கொழுந்து பறித்தேன். தார் டின்காரன் எப்போது வந்து கேட்டாலும், "இன்னும் காயலண்ணே" என்பேன். அவனும் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவான்.

கதவில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தது. அதன்மேல் இன்னொரு தடவை பூசப் போன வீட்டுக்காரரை நான் விடவில்லை. விண்ணப்பத்தில் அவர் வைத்த கைநாட்டு செல்லவில்லை. இந்தக் கதவு எங்களுடையது என்று கண்டாக்கு ஐயாவே கைநாட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதை எதற்கு அழிக்க வேண்டும்?