தெருவுக்குப் போன படங்கள்

என் அண்ணிக்குக் கோபமே வராது. ஸ்டுடியோவில் படம் எடுப்பவள். குழந்தை எவ்வளவு வீறிட்டாலும் அது சிரிக்கும்வரை காமிராவோடு தரையில் உட்கார்ந்திருப்பாள். கோபமெல்லாம் எனக்குத்தான். எதிர்க்கடையில் துணி தைத்துக்கொண்டே அவளுக்கும் சேர்த்து நான் கொதிப்பேன்.

கொதிக்க வைத்தவர் அவள் முதலாளி. வயர் இல்லாமலே கம்ப்யூட்டருக்குப் படம் அனுப்பும் காமிரா வாங்கியதிலிருந்து மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணி தேவையான படங்களை மட்டும் பார்த்துப் பார்த்து அனுப்புவாள். அன்று காலை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எடுக்க எடுக்கத் தானாகவே போகும்படி மாற்றிவைத்தார். அதோடு விட்டாரா? கம்ப்யூட்டரை வாசலில் இருக்கும் பெரிய டிவியோடு இணைத்தார். விளம்பரமாம்!

மதியம் மருந்துக்கடைக்காரனின் மனைவி முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். அவன் அடித்ததில் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வீக்கம் வடிவதற்குள் படம் எடுத்து வரச் சொல்லியிருந்தார் வக்கீல். அதுவரை அவனுக்குத் தெரியக்கூடாது. அண்ணி உள்ளறையைத் தாழ் போட்டுக்கொண்டு எடுத்தாள்.

துணி வெட்டிக்கொண்டிருந்த நான் தற்செயலாக நிமிர்ந்தேன். வாசல் டிவியில் சிரிக்கும் குழந்தைக்கு அடுத்து அந்த முகம். பிறகு கழுத்து. பிறகு முழங்கை. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. விழுந்தடித்து ஓடினேன். எனக்கு முன்னால் தெருக்கோடி மருந்துக்கடையிலிருந்து அவள் புருஷன் போய்விட்டான்.

"என்ன சார் இது? முதல்ல அழிங்க," என்றான். முகத்தில் துளி வெட்கம் இல்லை.

முதலாளி பதறிக்கொண்டு கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் அழித்தார். "அழிச்சாச்சு சார். புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். நமக்கெதுக்கு வம்பு?"

"அவளைத் தெருவுல நிறுத்தினதும் நீங்க, இப்ப அழிக்கறதும் நீங்களா?" என்று கத்தினேன்.

உள்ளறைக் கதவு திறந்தது. அந்தப் பெண் அண்ணியின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "எல்லாம் போச்சாக்கா?"

"எங்கயும் போகலம்மா. அங்க போனது நகல்தான். எடுத்ததெல்லாம் இங்கயே இருக்கு." அண்ணி காமிராவிலிருந்து கார்டை உருவிக்கொண்டு, காமிராவை மேசைமேல் வைத்தாள்.

முதலாளிக்கு முகம் வெளுத்தது. அனுப்பினால் காமிரா காலியாகிவிடும் என்றே அத்தனை நாளும் நினைத்திருக்கிறார் அந்த மேதாவி!

மருந்துக்கடைக்காரன் கார்டைப் பிடுங்கக் கையை நீட்டினான். சட்டென்று இழுத்துக்கொண்டான். தையல் கத்தரிக்கோலோடு ஓடிவந்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவன் ஒதுங்கி வழிவிட்டான். மூன்று பேரும் வெளியே இறங்கினோம்.

"கார்டு என்னோடது! வெச்சுட்டுப் போ! இல்லேன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராத!" என்று பின்னாலிருந்து கத்தினார் முதலாளி.

அண்ணி திரும்பினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்று தெரு முழுக்கக் கேட்டது.

"கார்டு உங்களோடதுதான். அதுல இருக்கற முகம் இவளோடது!"