எழுந்தவள் தோற்றாள்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கூடுதல் இரண்டும் என் ஓரகத்தி விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். ஏழு பேரும் இன்றைக்கு யார் வாசலிலும் போய் நிற்காமல் சாப்பிடுகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வாரம் என் பேத்தி என்னைப் பார்த்து, "ஒனக்கு இன்னா ஆயா தெரியும்?" என்று கேட்டுவிட்டாள்.

அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறாள். போனில் ஏதோ ஆட்டம் ஆடுகிற கூட்டம் ஒன்றுக்கு அவள்தான் தலைவி. அந்தக் கூட்டம் கலைகிறதாம். பாதிப் பேர் ஷிப்டில் இருக்கிறார்கள், பாதிப் பேர் தூங்குகிறார்கள், ஆட்டத்துக்கு ஆள் சேரவில்லை, சேர்கிறவர்களுக்குள் சண்டை. எங்கள் தாயம்கூட இப்படித்தான் கலைந்தது, நாங்கள் திருப்பிக் கூட்டினோம் என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு படிக்க வரும், அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்கிறேன், நீயே எழுது என்று அவளையே உட்கார வைத்திருக்கிறேன்.

தொண்ணூற்றியொன்றாம் வருஷம். அந்த வைகாசியில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. அதற்கப்புறம் எங்கள் பக்கம் நாலு பேர் சேர்ந்து நின்றாலே யார், எந்த ஊர் என்று விசாரித்தார்கள். அது மட்டும் இங்கே போதும். எங்கள் ஊர் தண்டலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்க்கோடியில் பால் சொசைட்டி காலி செய்துவிட்டுப் போன கொட்டகை ஒன்று இருந்தது. மேலே ஓலை, கீழே மண் தரை. அதில் சுண்ணாம்பால் கட்டம் கீறிப் பெண்கள் தாயம் ஆடுவோம். ஊரில் ஆண்கள் கேள்வி கேட்காமல் நாங்கள் உட்கார இருந்த ஒரே இடம் அது.

ஆட்டத்துக்கு ராணி என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பித்தளைத் தாயக்கட்டை இரண்டும் அவர் இடுப்பில், சுருக்குப்பையில் இருக்கும். அவர் வராவிட்டால் ஆட்டம் இல்லை. அவர் வைத்தது ஒரே சட்டம்: ஆட்டம் முடியுமுன் எழுந்தவள் தோற்றாள். எல்லோரும் கழனி வேலைக்குப் போன காலத்தில் அந்தச் சட்டத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. களை எடுத்துக் கரையேறினால் பொழுது சாயும்வரை உட்காரலாம். அப்புறம் ரோட்டோரம் ஷூ கம்பெனி வந்தது. பெண்கள் ஷிப்டுக்குப் போனார்கள். நாலு காயில் மூன்று கட்டத்தைச் சுற்றி வந்து பழம் ஆகியிருக்கும். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். அவள் எழுந்து ஓடுவாள். அண்ணி அவள் காயை வழித்துப் போட்டுவிட்டு அடுத்தவளை உருட்டச் சொல்வார். என் பெரிய மகள் மூன்று முறை அப்படித் தோற்றாள். நாலாம் முறை வரவில்லை. அவளோடு கம்பெனிப் பெண்கள் எல்லோரும் நின்றுபோனார்கள். ஆனி மாசம் மிஞ்சியது அண்ணி, அவர் வயசில் இரண்டு பேர், நான். தினமும் அண்ணிதான் ஜெயித்தார். அவருக்கு அது குறையாகவே தெரியவில்லை.

காலியாகக் கிடக்கிற கொட்டகை ஊர்ப் பையன்களின் மன்றத்தின் கண்ணில் பட்டது. கேரம் போர்டு போட வேண்டும் என்று ஊர்த் தலைவரிடம் கேட்டார்கள். தலைவர் வந்து பார்த்தார். "நாலு கெழவிங்க குந்திக்கினு இருக்கறதுக்கு ஒரு கொட்டாயா?" என்றார். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கெழவி என்றது சுருக்கென்றது. எத்தனை பேர் வந்தால் கொட்டகை எங்களுக்கு என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பன்னிரண்டு பேர் சேர்ந்து சண்டையில்லாமல் ஒரே ஓர் ஆட்டம் ஆடி முடியுங்கள், ஆடிக் கிருத்திகை வரைக்கும் பார்க்கிறேன் என்றார். பையன்கள் விசில் அடித்தார்கள். நான் அந்தத் தேதியை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன், உங்கள் கம்பெனியில் ஷிப்டு முடிந்தால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டா எழுந்து வருகிறீர்கள் என்று. அவள் சொன்னாள்: அடுத்தவள் வந்து பக்கத்தில் நிற்பாள்; எது முடிந்தது, எது பாக்கி என்று இவள் சொல்வாள்; அவள் அதைத் திருப்பிச் சொல்வாள்; அப்புறம்தான் இவள் எழுவாள்; லைன் நிற்காது. நான் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு நேராக அண்ணியிடம் போனேன்.

கம்பெனி மாதிரி நாமும் காயைக் கை மாற்றி ஆடலாம் என்று நான் சொன்னதை அண்ணி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டார். "எழுந்தவளுக்கு ஆட்டம் கெடையாது. எங்க மாமியா காலத்துலேர்ந்து இதான்."

"ஒங்க மாமியாருக்குக் கம்பெனி பஸ் வந்துதா அண்ணி?"

அவர் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்து இறுக்கினார், அவ்வளவுதான். நான் நாலு புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கம் வெள்ளையாகும்வரை கல்லில் தேய்த்தேன். கட்டை இல்லாவிட்டால் தாயம் விழாதா?

வீடு வீடாகப் போனேன். சில வீடுகளில், பொம்பளைகள் கூட்டம் சேர்ந்தால் போலீஸ் வரும் என்றார்கள். வந்தால் அவர்களுக்கும் ஒரு காய் கொடுக்கிறேன் என்றேன். மூன்று பேர் ஒரு கட்சி, நாலு பக்கத்துக்கு நாலு கட்சி. ஒவ்வொரு கட்சியிலும் காலை ஷிப்டுக்காரி ஒருத்தி, மதிய ஷிப்டுக்காரி ஒருத்தி, வீட்டில் இருப்பவள் ஒருத்தி. மதிய ஷிப்டுக்காரி காலையில் ஆடிவிட்டுப் போவாள். காலை ஷிப்டுக்காரி சாயங்காலம் வந்து ஆடுவாள். இவர்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்க்கவே முடியாது, நடுவில் வீட்டுக்காரி ஏந்திக் கொடுப்பாள். காய் நின்ற இடத்திலேயே நிற்கும். எழுகிறவள் தன் நாலு காயும் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். உட்காருகிறவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் எழலாம்.

பத்தாவது படித்த பெண் ஒருத்தி, இதையெல்லாம் நோட்டில் எழுதி வைக்கலாமே என்றாள். நான் கூடாது என்றேன். "நோட்டு யார்கிட்ட கீதோ அவ அண்ணி ஆயிடுவா." எல்லோரும் சிரித்தார்கள். தூண் ஓரம் உட்கார்ந்திருந்த அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. ஆமாம், அவர் தினமும் வந்தார். ஆட மாட்டார், போகவும் மாட்டார். புளியங்கொட்டை உருளும்போதெல்லாம் உச்சுக் கொட்டுவார்.

ஆட்டம் ஒன்பது நாள் ஓடியது. கிருத்திகைக்கு இன்னும் சில நாள்தான். ஆடி வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக்குப் போனால் சாணி வாசனை. தரை பளிச்சென்று மெழுகிக் கோலம் போட்டிருந்தது. கட்டம் இல்லை. பதினாறு காயும் ஒரு கொட்டாங்கச்சியில் கிடந்தன. அண்ணி கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஆடி வெள்ளி. அழுக்காக் கெடந்துது, மெழுகனேன்" என்றார். வேண்டுமென்றே செய்தாரா, நிஜமாகவே அம்மனுக்காகச் செய்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மெழுகாத ஆடி வெள்ளி அவருக்கு ஆயுசில் இல்லை என்பதும் உண்மை.

மதிய ஷிப்டுப் பெண்கள் நாலு பேரும் வந்து பார்த்துவிட்டு, இனி வரமாட்டோம் என்று செருப்பை மாட்டினார்கள். வெளியே மன்றத்துப் பையன்கள், கேரம் போர்டை இப்பவே எடுத்துவரட்டுமா என்றார்கள். நான் சுண்ணாம்பை எடுத்து ஈரத் தரையிலேயே கட்டத்தைக் கீறினேன். நேற்று விளக்கு வைக்கும் நேரம் என்ன கேட்டு வாங்கினீர்களோ அதைச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரிகள் மூன்று பேரையும் உட்கார வைத்தேன். ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். காயாக வைத்திருந்த வளையல் துண்டு வந்து உட்கார்ந்தது. கூழாங்கல், சோடா மூடி. பையன்கள் விசில் நின்றுபோனது. பதினைந்து காய் மறுபேச்சு இல்லாமல் ஏறிவிட்டது.

பதினாறாவது என் காய், ஷூ கம்பெனித் தோல் துண்டு. எங்கள் கட்சியில் காலை ஷிப்டுக்காரியான என் பெரிய மகள் எனக்குச் சொன்னபடி அது மலையில், அதாவது குறுக்குக் கோடு போட்ட கட்டத்தில் இருந்தது. மலையில் இருந்தால் யாரும் வெட்ட முடியாது. எதிர்க்கட்சிக்காரி அதற்கு ஒரு கட்டம் பின்னால் என்றாள். நான் மலை என்றேன். அவள் இல்லை என்றாள். மகளைக் கேட்கலாம் என்றால் அவள் கம்பெனியில். குரல் ஏறியது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அன்றைக்கே கொட்டகை போயிருக்கும்.

அண்ணி தூண் ஓரத்திலிருந்து சொன்னார். "ஒரு கட்டம் பின்னாடிதான். ஒம் பொண்ணு அவசரத்துல மலைன்னு சொல்லிட்டா. நீ அவ வாயைப் பாத்துக்கினே திருப்பிச் சொன்ன. தரையைப் பாக்கலை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் சட்டம், என் தப்பு. நான் தோல் துண்டை எடுத்து ஒரு கட்டம் பின்னால் வைத்தேன். அன்றைக்கு முதல் உருட்டலிலேயே அதை வெட்டினார்கள். 

அப்புறம் அண்ணி பக்கத்தில் போய், இனிமேல் காய் கை மாறும்போதெல்லாம் நீங்கள் தரையைப் பாருங்கள் என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்துப் பித்தளைக் கட்டையைத் தரையில் வைத்தார். "புளியங்கொட்டையில ஆடறதைக் கண்ணால பாக்க முடியலை" என்றார்.

கிருத்திகை அன்று கம்பெனிக்கு லீவு, பன்னிரண்டு பேரும் இருந்தோம். வல்லக்கோட்டைக்குக் காவடி எடுத்தவர்கள் திரும்பி வந்த பிறகு கடைசிப் பழம் ஏறியது. என் கட்சி மூன்றாவது. தலைவர் வந்தார், தலையை எண்ணினார், பதிமூன்று என்றார். பதிமூன்றாவது அண்ணி. பையன்கள் கேரம் போர்டை வேறெங்கோ தூக்கிப் போனார்கள். பொங்கலுக்குள் ஆள் பெருகி, கொட்டகையில் இரண்டு ஆட்டத்துக்குக் கட்டம் கீற வேண்டி வந்தது. எனக்கு என்ன தெரியும் என்று கேட்டாளே, இதுதான் தெரியும்.

பேத்தி இப்போது கடிகாரத்தைப் பார்க்கிறாள், ஷிப்டுக்கு நேரமாகிறதாம். பஸ் வரட்டும், நிற்கட்டும். எழுந்திருக்காதே கண்ணு. முதல் வரியிலிருந்து திருப்பிப் படி. இந்த முறை உன் வாயைப் பார்க்க மாட்டேன், காகிதத்தைத்தான் பார்ப்பேன்.