அவள் தாடையைத் திருப்பிய கை

ஊரில் பாதிப் பேரைப் படம் பிடித்தவர் என் கணவர். அவர் என்னைப் பிடித்த படம் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணப் படத்தில் என் பக்கத்தில் அவரே நிற்பதால் அதை எடுத்தவர் வேறு ஆள். ஒரே ஒரு படம் எடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க எனக்கு ரோஷம். தானாகத் தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் ஸ்டூடியோ. வருகிறவர்கள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள், இவரும் அப்படியே எடுத்துக் கொடுப்பார். அந்தச் சமயத்தில் ஒரு பட்டுக்கடை முதலாளி, தன் கடைப் புடவையைக் கட்டிய பெண் படம் போட்டு காலண்டர் அடிக்க ஆசைப்பட்டார். இவர் மெட்ராஸ் போய், சினிமாக்காரர்களைப் படம் எடுக்கும் ஒருவர் கூடவே சில நாள் இருந்து, பெண்களை எப்படி நிறுத்துவது என்று பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் யாரை வைத்துப் பழகினார் தெரியுமா? ஸ்டூல் மேல் தலையணையை நிறுத்தி, அதற்கு விளக்கு அடித்துப் பழகினார். அடுத்த அறையில்தான் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் வந்தாள். நாடகத்தில் நடிக்கிறவள். காலண்டர் படத்துக்கு முன்னால் சில நாள் நின்று பழக, மெட்ராஸ் பஸ்ஸில் அம்மாவோடு வந்து இறங்கினாள். அம்மா முன்னறையில் வெற்றிலை போட உட்கார்ந்துகொண்டாள். புடவை கட்டிவிட என்னைக் கூப்பிட்டார்கள். கடைப் புடவை, ஊக்கு குத்தினால் ஓட்டை விழும். படம் முடிந்ததும் அதே மடிப்பில் கடைக்குத் திரும்பியாக வேண்டும். புதுப்பட்டின் மொடமொடப்பை ஒரு ஊக்குகூட இல்லாமல் அடக்க, வீட்டுக்கு வீடு தறி ஓடும் பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்த கைதான் வேண்டும். கட்டிவிட்டு நிமிர்கிறேன், இவர் அவள் தாடையில் இரண்டு விரலை வைத்து மெல்லத் திருப்புகிறார். என்னிடம் ஒருநாளும் பேசாத குரலில், "சிரிக்க வேணாம்மா, சிரிப்பு வரப்போவுதுன்னு நெனச்சிக்கோ, போதும்" என்கிறார்.

என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அதில் உலையே வைத்திருக்கலாம்.

மறுநாள் சட்டம் போட்டேன். அந்நியப் பெண்ணை ஆம்பிளை தொடக்கூடாது. நீங்கள் வாயால் சொல்லுங்கள், நான் திருப்புகிறேன் என்றேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். கொஞ்சம் முரண்டு பிடித்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன், அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

அப்படித்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றேன். அவர் கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து சொல்வார், நான் அவளைத் திருப்புவேன். பாரத்தை ஒரு காலில் போடச் சொல்ல வேண்டும், அப்போதுதான் இடுப்பு வளையும். கைக்கும் உடம்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும், ஒட்டினால் ஆள் தடித்துத் தெரிவாள். முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தோள் போக வேண்டும். எடுக்கிற நேரத்தில் மூச்சை மெல்ல விடச் சொன்னால் உதடு தானாகத் தளரும். சில நாளில் அவர் சொல்வதற்கு முன்பே என் கை போனது. போன இடமெல்லாம் அவள் உடம்பு சொன்னபடி கேட்டது. எதற்கு இவளுக்கு மட்டும் எல்லாமே பொருந்துகிறது என்று ஆத்திரமாக வந்தது.

ஒருமுறை அவர் பிலிம் எடுக்க உள்ளே போனபோது கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். இவர் அத்தனை நேரம் அதற்குள் எதைத்தான் பார்க்கிறார் என்று தெரிய வேண்டியிருந்தது. கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் பிம்பம் தலைகீழாகத்தான் விழும்போல, அவள் தலைகீழாகத் தொங்கினாள். தலைகீழாகவும் அழகாகத்தான் இருந்தாள், பாவி.

காலண்டர் படம் எடுக்கிற அன்று, இவர் பார்வை படுகிற இடத்தை எல்லாம் மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். தோளில் மடித்துப் போட வேண்டிய முந்தியைப் பிரித்து, முன்பக்கமாகக் கொண்டுவந்து, தோளிலிருந்து முழங்கால் வரை விரித்து அவள் கையில் பிடிக்கக் கொடுத்தேன். முகமும் விரலும் தவிர ஒன்றும் தெரியவில்லை. இனி நீங்கள் எடுங்கள் என்று ஒதுங்கி நின்றேன்.

படத்தைப் பார்த்த முதலாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஜரிகை, யாளி, மயிலு, முந்தி முச்சூடும் தெரியுது பாருப்பா. பொடவ விக்கறவனுக்கு இதான வேணும். அடுத்த வருசமும் இதே பொண்ணு, இதே மாதிரி" என்றார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் அவள் நின்றாள்.

மறுவருஷம் அவள் வருவதற்கு முன் விளக்கைச் சரிபார்க்க இவர் என்னை நிற்கச் சொன்னார். தலையணையின் வேலை இப்போது எனக்கு. அன்று ஏனோ எனக்கு ஒரு துணிச்சல். பாரத்தை ஒரு காலில் போட்டேன். தோளைத் திருப்பினேன். தாடையைத் தாழ்த்தி, சிரிப்பு வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். மூச்சை மெல்ல விட்டேன். துணிக்குள் அவர் வெகுநேரம் அசையவில்லை.

வெளியே வந்தார். "இன்னாமா வளைஞ்சிக்கினு நிக்கிற? நேரா நில்லு. அந்தப் பொண்ணு உன்னவிட ஒசரம், வெளிச்சம் எங்க வுழுதுன்னு பாக்க வேணாமா?" என்றார்.

நேராக நின்றேன்.

அதற்குள் அவள் வந்து வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். நான் புடவை கட்டிவிடும்போது என்னையே கவனித்தவள், பிறகு இவரைப் பார்த்து, "சார், அக்காவ ஒண்ணு எடுங்களேன். என்ன நிக்க வெச்சதே அவங்கதான" என்றாள். அவள்மேல் அதுவரை எனக்கிருந்த கோபமெல்லாம், அந்த இரக்கம் கிளப்பிய கோபத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கேட்கக்கூடாதென்று நான் இத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை, போயும் போயும் அவள் எனக்காகக் கேட்டுவிட்டாள்.

இவர் விளக்கை நகர்த்தியபடியே சிரித்தார். "அவ எங்க போவப் போறா? இங்கதான இருக்கா."

நான் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினேன். தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்தித்தான்.