பதினெட்டு வோல்ட்

பாபநாசத்துக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு ஊர்களில் கூரைமேல் நிற்கும் டிஷ்களில் பாதி ரெமிஜியஸ் மாட்டியவை. ஐம்பத்திரண்டு வயது. அவர் சட்டைப்பையில் பேனா இருக்காது, வோல்டேஜ் பார்க்கும் மீட்டர் இருக்கும். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் கொடுத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன்னால் மீட்டரைப் பிளக்கில் செருகி, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கண்ணை இடுக்கிக்கொண்டு எண்ணைச் சத்தமாகப் படிப்பார். பிறகு பிரசங்கம். அதைக் கேட்காமல் அந்த வட்டாரத்தில் யாரும் டிவி பார்த்ததில்லை.

"டிஷ்ஷுக்குச் சாப்பாடு பாக்ஸ்லேர்ந்துதான் போவுது, இந்த ஒயர் வழியா. பாதி சேனலுக்குப் பதிமூணு வோல்ட் போதும். மீதிப் பாதிக்குப் பதினெட்டு வேணும். பதினெட்டு போவலைன்னா அந்தப் பாதி வராது. அப்ப டிஷ்ஷைத் திட்டாதீங்க, என்னையும் திட்டாதீங்க. கரண்டைத் திட்டுங்க."

ஊர்க்காரர்கள் விடுவார்களா? கல்யாண வீட்டில் அவர் இலையில் பாயசம் குறைந்தால், "பதிமூணுதான் வந்திருக்கு, பதினெட்டு ஊத்துங்கப்பா" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு இலையைக் காட்டுவார். நல்ல மனிதர்தான். தனக்குத் தெரிந்ததில் தனக்கு மேல் ஆளில்லை என்ற நினைப்பு மட்டும் கொஞ்சம் உண்டு. அது யாருக்குத்தான் இல்லை?

அவருக்கும் மனைவி ஃபிளோராவுக்கும் ஒரே பெண், அமலோற்பவம். இருபத்திரண்டு வயதில் மடத்துக்குப் போகிறேன் என்றாள். கன்னியாஸ்திரி என்றால் பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்ப்பாள், வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவள் தேர்ந்தெடுத்தது அந்த மாதிரி மடம் இல்லை. மலைமேல், எங்கோ கர்நாடக எல்லையில் இருக்கும் தியான மடம். உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை. பெற்றவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை போய்க் கம்பி அழிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம். ஃபிளோரா ஒரே ஒருமுறை போனாள். அடுத்த வருஷம் முதுகெலும்பில் ஆபரேஷன் ஆயிற்று. அதற்குப் பிறகு அவளால் பஸ்ஸில் அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. அவளை விட்டுவிட்டுத் தான் மட்டும் போய்ப் பெண்ணைப் பார்க்க ரெமிஜியஸுக்கும் மனம் வரவில்லை. அப்படியே நான்கு வருஷம் ஓடிப்போயிற்று. மாதம் ஒரு கடிதம், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜூலையில் வந்த கடிதத்தில், மடத்துக்குப் பவள விழா வருகிறது, ஆகஸ்ட் பதினைந்து காலை பத்து மணித் திருப்பலியைக் கிறிஸ்தவ சேனல் ஒன்று நேரலையாகக் காட்டப்போகிறது, எங்கள் பாடகர் குழுவையும் காட்டுவார்கள் என்று எழுதியிருந்தாள். ஃபிளோரா அந்தக் கடிதத்தை மூன்று நாள் இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தாள்.

விஷயம் பங்குச் சாமியார் காதுக்கும் போயிற்று. "இங்க பங்கு வீட்டுல ஜெனரேட்டர் இருக்கு. ரெண்டு பேரும் வந்து பாத்துட்டு, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். பங்கு வீடு ஆட்டோவில் போனால் பத்து நிமிஷம்.

"சாமி, நானூறு வீட்டுல டிஷ் மாட்டியிருக்கேன். எம் பொண்ணை நான் அடுத்த வீட்டுல போயா பாக்கறது?" என்றார் ரெமிஜியஸ்.

ஃபிளோராவும் மறுக்கவில்லை. யார் முன்னாலும் அடக்கிக்கொண்டு அழ வேண்டாமே என்று அவள் கணக்கு.

அது என்ன வருஷம் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றில் மணல்தான் ஓடியது. குறுவை நெல் போட்டவர்கள் போர்வெல் தண்ணீரை நம்பிப் போட்டார்கள். மோட்டார் ஓட மும்முனைக் கரண்ட் வேண்டும், அது நாளைக்கு மூன்று மணி நேரம் வந்தால் பெரிது. மீதி நேரம் வீடுகளுக்காக இருமுனைக் கரண்ட் வரும், அதுவும் விட்டுவிட்டு. கன்டென்சர் என்ற ஒரு சின்ன டப்பாவை மாட்டினால் அந்த இருமுனையிலும் மோட்டாரை ஓடவைக்கலாம். ஆனால் ஓடுகிற மோட்டார் ஊர் வோல்டேஜை உறிஞ்சிவிடும். வீட்டு பல்பெல்லாம் மின்மினி ஆகிவிடும். செய்யக்கூடாத வேலைதான். பயிர் கருகும்போது கூடும் கூடாது யார் பார்க்கிறார்கள்?

அந்த ஊரில் பதினோரு மோட்டாருக்குக் கன்டென்சர் மாட்டிக்கொடுத்தவர் யார் என்கிறீர்கள்? ரெமிஜியஸ்தான். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள், மாட்டிக்கொடுத்தார்.

பத்து மணிக்கு வோல்டேஜ் படுத்துவிடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால் ஒரு பழைய கார் பேட்டரியைக் கொண்டுவந்து ஒரு வாரமாகச் சார்ஜில் போட்டு வைத்திருந்தார். டிவி பழைய கட்டை, நூற்றிருபது வோல்ட்டிலும் முக்கி முனகி எரிந்துவிடும். செட்டாப் பாக்ஸுக்குத்தான் ஒழுங்கான கரண்ட் வேண்டும். அதைப் பேட்டரியில் ஓட்டிக்கொள்ளலாம். போதாததற்கு வீட்டை ஒட்டி மூங்கில் கொத்து வானத்தை மறைத்ததால் டிஷ்ஷைக் கொல்லைக் கடைசியில் நட்டிருந்தார். அத்தனை நீள ஒயரில் போகப் போக வோல்ட் தேய்ந்துவிடும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் வைத்திருந்தார்.

பதினைந்தாம் தேதி காலை ஃபிளோரா குளித்து, பெண் கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுத்த நாளுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, முதுகுக்குத் தலையணை வைத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்பதுக்குக் கரண்ட் வந்தது. வந்த உடனே பதினோரு மோட்டாரும் கிளம்பின. மீட்டர் நூற்றிருபத்தைந்து காட்டியது. ரெமிஜியஸ் புன்னகையோடு பாக்ஸைப் பேட்டரியில் மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது. மலைக்கோவில் முகப்பு, பூத் தோரணம், வெள்ளைக் குடை.

"தெரியுதா?" என்றார், தானே கட்டிய கோவில் மாதிரி.

ஒன்பதரைக்குப் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. ஒரு தடவை நின்று வந்தது. பிறகு நீலத் திரையில் 'சிக்னல் இல்லை'. அவர் அவசரமாகச் சேனலை மாற்றினார். சமையல் நிகழ்ச்சி வந்தது. நகைக்கடை விளம்பரம் வந்தது. மடத்துச் சேனல் மட்டும் இல்லை. அது பதினெட்டு வோல்ட் கேட்கும் பாதியில் இருக்கிற சேனல்.

மீட்டரைப் பேட்டரியில் வைத்தார். பத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒரு வாரம் சார்ஜ் ஏறியதாக நினைத்ததெல்லாம் அந்தப் படுத்த வோல்டேஜில் ஏறவே இல்லை. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது, அதை நம்பிவிட்டார். பச்சை விளக்கை நம்பாதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறவர்.

பாக்ஸை மறுபடி வீட்டுக் கரண்டில் மாட்டிப் பார்த்தார். அதே கதை. டிராக்டர் பேட்டரியைக் கழற்றலாம் என்றால் ஊரில் இருந்த ஒரே டிராக்டர் வலங்கைமானுக்குப் போயிருந்தது. ஆட்டோவுக்குப் போன் போட்டார். கொடியேற்றத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போயிருக்கிறேன், திரும்பி வர மத்தியானம் ஆகும் என்றான்.

"என்னங்க, மணி ஒன்பதே முக்கால்" என்றாள் ஃபிளோரா. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அதுதான் அவரை உலுக்கியது.

இருப்பதில் பெரியது நாகநாதன் மோட்டார். அது ஒன்று நின்றால் போதும், வோல்டேஜ் நூற்றி அறுபதைத் தொடும், பாக்ஸ் பிழைத்துக்கொள்ளும். ஃபிளோராவிடம் சொல்லிவிட்டு, வரப்பில் ஓடிக்கொண்டே நாகநாதனுக்குப் போன் செய்தார்.

"தாராளமா நிறுத்திக்கங்க அண்ணே. இப்ப ரெத்தினம் அக்காவோட முறை ஓடுது. அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்துங்க."

ரெத்தினம் நாகநாதன் போர்வெல்லிலிருந்து முறைத் தண்ணீர் வாங்கி மூன்று மாவில், அதாவது ஒரு ஏக்கரில், குறுவை வைத்திருப்பவள். மண்வெட்டியோடு மடையில் நின்றாள். மூச்சிரைக்க இவர் விஷயத்தைச் சொன்னார்.

"பெத்த மொகத்தைவிடவா தம்பி பயிரு? நிறுத்துங்க. ஒரு மணி நேரம் கழிச்சுப் போட்டுக்கிட்டாப் போவுது."

ரெமிஜியஸ் மோட்டார் கொட்டகைக்குள் போய்ச் சிவப்புப் பொத்தானில் கட்டைவிரலை வைத்தார். மீட்டரைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்த ஒன்று ரெத்தினத்துக்குத் தெரியாது. கன்டென்சரில் ஓடுகிற மோட்டாரை இந்த வோல்டேஜில் ஒருமுறை நிறுத்தினால் மறுபடி எடுக்காது. காலையில் கரண்ட் வந்த நொடியில் வோல்டேஜ் நிமிர்ந்திருந்ததால் எடுத்தது, இப்போது முனகும், சூடேறும், அவ்வளவுதான். அவளுக்கு அடுத்த முறை மூன்று நாள் கழித்து. கொட்டகை வாசல் வழியாக வயல் தெரிந்தது. கதிர் இன்னும் பயிரின் தொண்டையைவிட்டு வரவில்லை, தண்ணீர் தவறக்கூடாத பருவம். தண்ணீர் பாதி வயல்வரை வந்திருந்தது. மீதிப் பாதியில் வெடிப்புக்குள் கையை விடலாம் போலிருந்தது.

இதை அவளிடம் சொன்னால் அப்போதும் நிறுத்தச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தார். சொல்லாமல் நிறுத்தவும் விரல் அழுந்தவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்கே தெரியாது. தூரத்துப் பள்ளிக்கூடத்தில் கொடிக்கு வணக்கம் சொல்லும் சத்தம் கேட்டது.

"ஓடட்டும்க்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது பத்து பத்து. ஃபிளோரா நீலத் திரைக்கு முன்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நிறுத்தினீங்களா?"

"முடியல ஃபிளோரா."

"ஊருக்கெல்லாம் மாட்டிக் குடுத்தீங்கள்ல" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

திரையில் ஒன்றுமில்லை. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பலியைத் தானே நடத்திக்கொண்டாள். இப்போது வாசகம் என்று உட்கார்ந்தாள். இப்போது நற்செய்தி என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாட்டு வரும் இடங்களில் மட்டும் வாயை மூடிக்கொண்டு, கேட்கிறவள் மாதிரி தலையைச் சாய்த்தாள். ரெமிஜியஸ் அவளுக்குப் பின்னால் நின்றார். நானூறு டிஷ் மாட்டிய கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மறுஒளிபரப்பு உண்டா என்று சேனலுக்குப் போன் போட்டுக் கேட்டதும், அவர்கள் பார்த்துச் சொல்கிறோம் என்றதோடு விட்டதும் மறுநாள் நடந்தவை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ரெமிஜியஸ்தான் வாசித்தார்.

"அம்மா, அப்பா, பார்த்தீர்களா? பாடும்போது நாங்கள் கண்ணைத் தாழ்த்தியே வைத்திருப்போம். நான் மடத்துத் தாயாரிடம் அனுமதி கேட்டிருந்தேன். கேமரா எங்கள் பக்கம் வந்தபோது ஒரே ஒருமுறை நிமிர்ந்து நேராகப் பார்த்தேன். உங்களுக்காகத்தான். தெரிந்ததா?"

வாசித்துவிட்டு அவர் தாளை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"அவ எந்தப் பக்கம் நின்னான்னு எழுதியிருக்காளா?" என்று கேட்டாள் ஃபிளோரா.

"இடது பக்கம், கடைசியிலன்னு இருக்கு."

"பதில் எழுதுங்க. பார்த்தோம்னு எழுதுங்க."

அவர் பேனாவைத் தேடினார். சட்டைப்பையில் மீட்டர்தான் இருந்தது. அலமாரியிலிருந்து ஒரு பேனாவை எடுத்துவந்து எழுதினார். "இடது பக்கம் கடைசியில் நின்றாய். நிமிர்ந்து பார்த்ததைப் பார்த்தோம்."

"நீ எளைச்சிட்டேன்னும் எழுதுங்க."

அவர் நிமிர்ந்தார். "அது நமக்கு எப்படித் தெரியும்?"

"எளைச்சிருக்கேன்னு எழுதலைன்னா நாம பாக்கலைன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோயிரும்" என்றாள் ஃபிளோரா.

அவர் எழுதினார்.