கழிவுக் குழாய்க்குள் தெரிந்த மஞ்சள்

மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். சிட்னியில், வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணர், மெல்பேர்ன் வந்து, கிளேட்டனில் மனைவியோடு வாடகைக்குக் குடியேறி ஒரு மாதமாகியிருந்தது. காரை நிறுத்தியதுமே தெருவை அடையாளம் கண்டுகொண்டேன். மூன்று மாதத்துக்கு முன் அங்கே மஞ்சள் நிறப் புதுக் காஸ் குழாய் போட்டது எங்கள் கம்பனி ஆட்கள்தான்.

தெருவை வெட்டிக் கிளறாமல், நிலத்துக்கு அடியால் கிடையாகத் துளைத்துக் குழாயை இழுக்கிற வேலை அது. தெருமுனையில் ஒருவர் மெஷினை ஓட்டுவார். துளைக்கும் முனை எங்கே, எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று கருவியில் பார்த்து, மேலே நடந்தபடி ரேடியோவில் சொல்வது என் வேலை.

சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணர் சொன்னார்: "டொய்லெட் ரெண்டு நாளா அடைப்பு, தம்பி. பிளம்பர் வந்திட்டார். மர வேராம். மெஷினை விட்டு வெட்டினால் சரியாம்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

இந்த வீட்டின் கழிவுக் குழாய் எங்கே போகிறது என்று எங்கள் வரைபடத்தில் இருக்கவில்லை. துளைக்க முன் குழி தோண்டிப் பார்த்திருக்க வேண்டும். அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. "தோண்டாமலே போகலாம்" என்று ரேடியோவில் சொன்னது நான். சற்று நேரத்தில் மெஷின்காரர், ஏதோ இடறியதுபோல இருக்கிறது என்றார். கல்லாக இருக்கும் என்றேன்.

காஸ் குழாய் கழிவுக் குழாயைத் துளைத்துக்கொண்டு போயிருந்தால், வேர் வெட்டுகிற அலகு அதையும் வெட்டும். காஸ் டொய்லெட் வழியாக வீட்டுக்குள் ஏறும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

எச்சில் கையோடு ஓடினேன். பிளம்பர் முற்றத்து மூடியைத் திறந்து, மெஷினின் கம்பியை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன். அவர் கத்தினார்.

"என்னடா விசர் வேலை?" என்று அண்ணர் பின்னாலேயே வந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. என் தோளைப் பிடித்து, குரலைத் தாழ்த்தினார். "நீயா வாயைக் குடுத்து மாட்டாதை. உன்ரை விசா அலுவல் இன்னும் முடியேல்லை. வேலை போனால் என்ன செய்வாய்?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

குசினிக்குள் அடுப்பை அணைத்துவிட்டு, நான் அக்கா என்று கூப்பிடும் அண்ணரின் மனைவி வெளியே வந்தார். "முதல்ல கெமராவை விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

முணுமுணுத்துக்கொண்டே பிளம்பர் தன் வான் வண்டியிலிருந்து கெமராவை எடுத்து வந்தார். சிறிய திரையில் பழைய மண் குழாயின் உட்சுவர் நகர்ந்தது. கொஞ்சம் வேர். பிறகு உடைந்த ஓட்டை. அதன் நடுவே, குறுக்காக, டொய்லெட் கடுதாசி சிக்கிக் கிடந்த மஞ்சள் காஸ் குழாய். அலகு பட்டிருக்கவில்லை. பிளம்பர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். அண்ணர் படியில் குந்திவிட்டார்.

நான் மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்து, கண்டதைச் சொன்னேன்.

"குழி தோண்டாமல் போகச் சொன்னது யார்?"

"நான்தான்."

எல்லோரையும் வீட்டிலிருந்து வெளியேற்று, ஆட்களை அனுப்புகிறேன் என்றார்.

வேலை போகவில்லை. கருவியை வாங்கிக்கொண்டு மண்வெட்டியைத் தந்தார்கள். அந்த வாரமே தெருவில் எல்லா வீடுகளின் கழிவுக் குழாய்களுக்குள்ளும் கெமரா விட்டோம். மூன்று வீடு தள்ளி, கைக்குழந்தை இருந்த ஓரிடத்திலும் மஞ்சள் குழாய் குறுக்கே கிடந்தது.